வறுமையிலும் மானம் காத்த மொழிஞாயிறு



சாமராஜநகரிலும் மைசூரிலும் வளரும் நம்முடைய பிள்ளைகள் பாலை ‘ஹாலு’ என்றும் பல்லை ‘ஹல்லு’ என்றும் சொல்லும்போது, வீட்டுத் தமிழ் கைநழுவிப் போகிறதே என்று பெற்றோர் கலங்குகிறார்கள். அதே சொற்களைக் கேட்டு, இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மகிழத்தக்க தமிழறிஞர் ஒருவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அவரே மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர்.

ஆதரவற்ற சிறுவன்

1902 பிப்ரவரி 7-ஆம் தேதி, சங்கரன்கோவிலில் ஞானமுத்து, பரிபூரணம் தம்பதியருக்குப் பிறந்த இவர், சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். மூத்த சகோதரியின் ஆதரவில் வட ஆர்க்காட்டுப் பகுதியில் வளர்ந்து, பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் கல்வி கற்றார். பின்பு ஆசிரியரானார். ஆம்பூர், திருச்சி, சேலம், அண்ணாமலை நகர் என்று வேலையை நாடி ஊர்விட்டு ஊர் சென்றார். வாடகை வீடும் மூட்டை முடிச்சும் நமக்கு மட்டும் உரியவை அல்ல.

சொற்களின் வேரைத் தேடியவர்

பிற மொழிகள் பலவற்றைக் கற்று, சொற்களை ஒப்பிட்டு, அவற்றின் வேரை ஆராய்வதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. 1940-இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தது. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பள்ளி ஹள்ளியாயிற்று, பெண் ஹெண்ணு ஆயிற்று. இதை அறிந்த பிள்ளைக்குக் கன்னடம் அந்நியமாகாது, தமிழும் தூரமாகாது.

உலகின் முதல் மொழி தமிழே என்னும் அவருடைய முடிவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆயினும் தமிழ்ச் சொற்களை அவர் திரட்டிய உழைப்பு நிலைத்திருக்கிறது. தனித்தமிழில் உறுதியாயிருந்த அவருக்கு, வடமொழி மிகுந்த நமது ஆலயத் தமிழ் சற்றே உறுத்தியிருக்கும்! அவரோ கிறிஸ்தவக் கீர்த்தனங்களையும் இயற்றியவர்.

இல்லறத்தின் தலைவர்

1930-இல் நேசமணி அம்மையாரை மணந்தார். பிள்ளைகளுக்கு அவர் இட்ட பெயர்களே அவருடைய உள்ளத்தைக் காட்டும்: ஒரு மகனின் பெயரில் பழைய உரையாசிரியர் விளங்கினார், மற்றொரு மகனின் பெயரில் சிலுவை விளங்கியது. 1961-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணியை விட்டு வெளியேறியபோது வீட்டில் வறுமை சூழ்ந்தது. 1963-இல் மனைவியாரும் மறைந்தார். தமக்கு வறுமையும் உண்டு, மனைவி மக்களும் உண்டு, அவற்றோடு மானமும் உண்டு என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். தம் கொள்கையை அவர் சோற்றுக்கு விற்கவில்லை. அந்த உறுதியின் பாரத்தைக் குடும்பத்தாரும் சேர்ந்தே சுமந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

முதுமையில் திறந்த வாசல்

72-ஆம் வயதில், 1974-இல், தமிழக அரசு அவரைச் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக்கியது. 1981 ஜனவரியில் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய பின் நோயுற்று, அம்மாதத்திலேயே அங்கே காலமானார். அகரமுதலியின் முதல் பகுதி 1985-இல் வெளிவந்தது; அதைக் காண அவர் இல்லை. 2006-இல் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அன்பான பெற்றோரே, பள்ளியிலும் தெருவிலும் பிள்ளைகள் கன்னடத்தைச் செம்மையாய்க் கற்கட்டும். இரவு ஜெபத்திற்குப் பின் அரைமணி நேரம் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். ‘ஹாலு’ என்ற பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அதன் அருகே ‘பால்’ என்று எழுதிக் காட்டுங்கள். ஊரில் இருக்கும் பாட்டியின் கடிதத்தை அந்தப் பிள்ளையே வாசிக்கும் நாள் வரும்.