செவிப்பறைக்கு விலை தெரியாது

ஹெட்போன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ‘20 ஹெர்ட்ஸ் – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். ரயில் நிலைய வாசலில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் இயர்போனிலும் அதே வரிதான். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனிலும் ஏறத்தாழ அதே வரிதான். மனிதக் காது கேட்கக்கூடிய அதிர்வெண்களின் எல்லை அது. அந்த எல்லைக்குள் உள்ள எல்லா ஒலியும் வரும் என்கிறது பெட்டி. எது எவ்வளவு உரக்க வரும் என்று மட்டும் சொல்வதில்லை. தவிலின் அடியொலி 10 டெசிபல் கூடி, பாடகரின் குரல் 10 டெசிபல் அமுங்கி வந்தாலும் அந்த வரி பொய்யாகிவிடாது. கையில் இரண்டாயிரமோ மூவாயிரமோ வைத்துக்கொண்டு முதன்முதலாக ஒரு நல்ல ஹெட்போன் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் மறக்க வேண்டிய எண் இதுதான்.

ஹெட்போனுக்குள் இருக்கும் பொறி எளிமையானது. ஒரு காந்தம், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய பிளாஸ்டிக் சவ்வு. பாட்டு மின்னோட்டமாகச் சுருளில் ஓடும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இதைத்தான் ‘டைனமிக் டிரைவர்’ என்கிறார்கள். ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் 1937இல் கொண்டுவந்த டிடி 48 ஹெட்போனில் இருந்த இந்த ஏற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. மாறியது காந்தம்தான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம் காந்தம், சிறு துண்டிலேயே பெரும் விசை தந்தது. காதுக்குள் நுழையும் அளவுக்கு டிரைவர் சுருங்கியதற்கும், அது மலிவானதற்கும் இந்தக் காந்தம் முக்கியக் காரணம்.

இங்கே சற்று நின்று வியக்கலாம். வயலின், மிருதங்கம், தம்புரா, பாடகர் என்று மேடையில் நான்கு பேர். ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒரே சவ்வு. ஒரு கணத்தில் அது ஓரிடத்தில்தான் இருக்க முடியும். நான்கு பேரின் ஒலியும் கூட்டல் கணக்காகி, ஒரே அசைவாகத்தான் அதிலிருந்து புறப்படுகிறது. மறுமுனையில் இருக்கும் செவிப்பறையும் ஒற்றைச் சவ்வுதான். அந்த ஒற்றை அசைவை மீண்டும் நான்காகப் பிரிப்பது உட்காதின் வேலை. நத்தை ஓடு வடிவில் சுருண்டிருக்கும் காக்ளியாவை நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான் வரும். அதன் வாசலருகே கீச்சொலிக்கும், உள்முனையில் அடியொலிக்கும் தனித்தனி இடம் உண்டு. அங்கே வரிசை கட்டி நிற்கும் சுமார் 3,500 உள்மயிர்ச் செல்கள் எந்த இடம் எவ்வளவு அதிர்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. ‘இது வயலின், இது குரல்’ என்று பிரித்துக் காட்டுவது மூளை. ஆக, ஹெட்போன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒலிகளின் விகிதம் கெடாமல் அந்த அசைவைச் செவிப்பறையில் சேர்ப்பது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காது வெறும் துளை அல்ல. எதிரே ஒருவர் பாடும்போது அந்த ஒலி தலையிலும் தோளிலும் மோதி, காது மடலின் மடிப்புகளில் திரும்பி, பிறகே உள்ளே போகிறது. செவிக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். அத்தகைய குழாய் தன்னைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள ஒலி அலைக்கு ஒத்ததிரும். கணக்குப் போட்டால் 3,000 ஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டி வருகிறது. மடலும் குழாயும் சேர்ந்து அந்தப் பகுதியை 10 டெசிபலுக்கும் மேல் உயர்த்திவிடுகின்றன. பிறந்தது முதல் அப்படியே கேட்டுப் பழகியதால் அது நமக்கு உயர்வாகவே தோன்றுவதில்லை.

ஹெட்போன் இந்தப் பாதையின் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. அதனால் எல்லா அதிர்வெண்களையும் சமமாகத் தரும் ஹெட்போனைச் செய்தால் குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். காது இழந்த உயர்வை ஹெட்போனே திருப்பித் தர வேண்டும். எந்த அளவு? 2010களில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். விலை, பெயர், எடை எதுவும் தெரியாதபடி, ஒரே ஹெட்போனின் ஒலியைக் கணினி மூலம் மாற்றி, வெவ்வேறு ஹெட்போன்களைப் போல ஒலிக்கவிட்டுக் கேட்கச் செய்தார்கள். வயதும் நாடும் வேறுபட்டாலும் பெரும்பாலோர் விரும்பிய ஒலி ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இருந்தது: நல்ல ஒலிபெருக்கி வைத்த அறையில் கேட்பதை ஒத்த, பேஸ் என்னும் அடியொலி சற்றுத் தூக்கலான, 3,000 ஹெர்ட்ஸ் அருகே உயரும் ஒரு வளைவு. ‘ஹார்மன் வளைவு’ என்று ஹெட்போன் விமர்சகர்கள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் விலை கூடக் கூட இந்த வளைவை நெருங்கலாமா? 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. கூடுதல் பணம் உலோகச் சட்டத்துக்கும், தோலுறைக்கும், இரைச்சல் நீக்கும் சுற்றுக்கும், பேட்டரிக்கும், விளம்பரத்துக்கும் போகிறது. இவற்றில் சில தேவையானவைதான். ஆனால் இவை எதுவும் தானாகவே நல்ல ஒலியைத் தந்துவிடுவதில்லை. 2022இல் 20 டாலர் வாக்கில் வந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்ற வயர் இயர்போன்கள், பத்து மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டதற்குக் காரணம் அவற்றின் சமநிலைதான். பட்ஜெட் சிறிதென்றால் வயர் உள்ளதையே பாருங்கள். புளூடூத் சிப், பேட்டரி, மைக் என்று பிரியாமல் பணம் ஒலிக்கே போகும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்து தூக்கிப்போடும் நிலையும் வராது.

அடுத்த கேள்வி, எங்கே கேட்கப் போகிறீர்கள் என்பது. 1968இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. மஞ்சள் நுரைப் பஞ்சு வைத்த அது, சவ்வின் பின்புறத்தை மூடாமல் விட்ட முதல் ‘ஓப்பன்’ வகை. பின்புற ஒலி அடைபட்டு எதிரொலிக்காததால் பாட்டு தலைக்கு வெளியே விரிந்து கேட்கும், காதும் வியர்க்காது. 1984 முதல் இன்றுவரை விற்பனையில் இருக்கும் காஸ் போர்ட்டா புரோவும் வெளிச்சத்தம் நுழைய விடும் வகையைச் சேர்ந்ததே. இரவில், அமைதியான அறையில் கேட்பவருக்கு இவை விருந்து. பேருந்தில் ஏறினாலோ வெளிச்சத்தம் அத்தனையும் உள்ளே வரும். உங்கள் பாட்டு பக்கத்து இருக்கைக்கும் போகும். பயணத்துக்கு மூடிய வகை ஹெட்போனோ, காதை அடைக்கும் இயர்போனோதான் சரி.

அடைப்பது என்றால் சரியாக அடைக்க வேண்டும். சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிறைப்பட்ட சிறிதளவு காற்றை அழுத்தித்தான் மூடிய வகைகள் பேஸைத் தருகின்றன. நூலளவு இடைவெளி விழுந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தாலே போதும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரு உள்ளங்கைகளாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். பேஸ் குபீரென்று எழுந்தால் அது உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. இயர்போன் என்றால் பெட்டியில் இருக்கும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஓர் அளவும் இடதுக்கு வேறு அளவும் பொருந்துவது சாதாரணம். ‘பேஸே இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் இயர்போன்களில் பல, தவறான ரப்பரோடு போனவைதான்.

பெட்டியில் பயனுள்ள எண்களும் இரண்டு உண்டு. மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்று ஓம் கணக்கில் தரும் இம்பிடன்ஸ் ஒன்று. குறிப்பிட்ட மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று டெசிபலில் தரும் சென்சிடிவிட்டி மற்றொன்று. 16 முதல் 32 ஓம் வரை, சென்சிடிவிட்டி 100 டெசிபலைச் சுற்றி இருந்தால் செல்போனே ஓட்டிவிடும். புகழ்பெற்ற சென்ஹைசர் எச்டி 600க்கு 300 ஓம். அதைச் செல்போனில் செருகினால் பெரும்பாலும் சத்தம் போதாமல் தவிக்கும், ஒலியை வலுவாக்கும் ஆம்ப் தனியாக வாங்க வேண்டிவரும். செல்போனில் ஹெட்போன் செருகும் வட்டத்துளை இல்லையென்றால் டைப்-சி டாங்கிள் தேவை. டிஜிட்டல் பாட்டை மின்னோட்டமாக மாற்றும் டிஏசி சிப் உள்ளே உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் இணைப்புகள் பல செல்போன்களில் ஊமையாகிவிடும்.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் ஒரு பொறி இருக்கிறது, அதில் விழக்கூடாது. இரண்டு ஹெட்போன்களில் சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் மூளை ‘தரமானது’ என்று தீர்ப்பளிக்கும். குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டே ஒப்பிடுங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டை விட்டுவிட்டு, மனப்பாடமான உங்கள் பாட்டைப் போடுங்கள். 80களின் இளையராஜா பாடல்கள் இதற்கு நல்ல உரைகல். பேஸ் கிட்டார் அங்கே தாளத்துக்கு மட்டும் நிற்காமல் தனி மெட்டாகவே நடக்கும். அந்த மெட்டை உங்களால் முணுமுணுக்க முடிகிறதா? வெறும் ‘தும் தும்’ என்று மட்டும் கேட்டால் பேஸ் வீங்கியிருக்கிறது என்று பொருள். பாடகர் ‘ச’, ‘ஸ’ உச்சரிக்கும் இடங்களில் காதைக் குத்தினால் ட்ரெபிள் என்னும் கீச்சொலி மிகை. நூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த நூறு மணி நேரத்தில் பழகுவது பெரும்பாலும் உங்கள் மூளைதான்.

கடைசியாக ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அளவு மீறிய சத்தத்தால் மனிதக் காக்ளியாவில் இறந்த மயிர்ச் செல் மீண்டும் முளைப்பதில்லை. பேருந்து இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுவதைவிட, காதைச் சரியாக அடைக்கும் இயர்போனைத் தேர்ந்தெடுப்பது நல்ல ஒலிக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. ஹெட்போன் பழுதானால் வேறு வாங்கலாம். பொருந்தும் ரப்பர், சமநிலையான ஒலி, அளவான வால்யூம் என்ற மூன்றும் அமைந்துவிட்டால், முதல் ஹெட்போனுக்கு இரண்டாயிரம் ரூபாய் தாராளம்.