மதுரை வீட்டை விற்கும் முன் மலை நிலத்தின் அ-பதிவேட்டைப் பாருங்கள்

சித்திரை வெயிலுக்குத் தப்பி நாலு நாள் கொடைக்கானலில் தங்கிவிட்டுத் திரும்பும் மதுரைக் குடும்பங்களில் சில, பிளம்ஸ் பையோடு ஒரு டோக்கன் ரசீதையும் கையில் கொண்டுதான் வத்தலக்குண்டில் இறங்குகின்றன. பணி ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூரில், இனி இந்த வெக்கையில் எதற்குக் கிடந்து வேக வேண்டும் என்ற நினைப்பு. அதில் தப்பே இல்லை. தப்பு அடுத்த இரண்டு மாதத்தில் நடக்கிறது. மலையில் பேசிய இடத்துக்குக் கெடு நெருங்குகிறதென்று அண்ணா நகரிலோ எல்லீஸ் நகரிலோ திருநகரிலோ முப்பது வருடம் குடியிருந்த வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மலை நிலத்தைப் பத்திரம் பதிந்து, வேலி போட்டு, அஸ்திவாரம் தோண்டப் போகும் நாளில்தான் அங்கே வீடு கட்ட முடியாது என்று தெரியவருகிறது. அதற்குள் மதுரை வீட்டில் வேறொருவர் பால் காய்ச்சியிருப்பார்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறை, சிறுமலை என்று ஊர்தான் மாறுகிறது, கதை மாறுவதில்லை. தரகர் சொல்வதும் ஒரே வசனம்தான்: "சார், ஊராட்சி அப்ரூவல் இருக்கு, தைரியமா அட்வான்ஸ் போடுங்க. நாளைக்கே இன்னொரு பார்ட்டி வர்றாங்க." இந்த வசனத்தைக் கேட்டதும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மலையடிவாரக் கிராமங்களும் மலைக் கிராமங்களும் பல, 1990-ல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. எல்லோரும் 'ஹாக்கா' என்று சொல்வது இதைத்தான். பட்டியலிலுள்ள கிராமத்தில் மனைப்பிரிவு போடவோ கட்டடம் கட்டவோ ஊராட்சித் தலைவரின் கையெழுத்து போதாது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத்துறை ஆகியவற்றின் கருத்து பெற்று, நகர் ஊரமைப்புத் துறை வழியாகத்தான் அனுமதி வர வேண்டும். சரிவு அதிகமென்றால் வராது. காட்டை ஒட்டியிருந்தால் வராது. கொடைக்கானல் நகராட்சிக்குள் என்றால் மலைவாழிடக் கட்டட விதிகள் தனியே உண்டு. அவற்றை மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2019-ல் வரிசையாகச் சீல் வைத்ததை எல்லோரும் பார்த்தோம். பார்த்த பிறகும் அடுத்த கோடையில் டோக்கன் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பத்திரம் பதிந்தாயிற்று, பட்டாவும் என் பேருக்கு மாறிவிட்டது, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். பத்திரப் பதிவு என்பது அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடு கட்டலாமா என்பது அவர் பார்க்கும் விஷயமே இல்லை. 'விவசாய நிலம், 12 சென்ட்' என்று எழுதிக் கொடுத்தால் விவசாய நிலமாகவே பதிவாகும். அதில் விவசாயம்தான் செய்யலாம்.

எந்தெந்தக் கிராமம் ஹாக்காவில் வருகிறது என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது. அதை மலையடிவாரத்துச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க என்ன செலவாகும்? முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வாங்கிக்கொள்ளும் அரசு, வாங்குகிறவனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. ஆகவே நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை இது. தரகரிடம் முதலில் வாங்க வேண்டியது புல எண்ணும் உட்பிரிவு எண்ணும். அதைத் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். எண் கையில் வந்தால், வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். எல்லோரும் பட்டாவோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். விஷயம் அ-பதிவேட்டில் இருக்கிறது. நிலம் ரயத்துவாரியா, அரசுத் தரிசா, புறம்போக்கா என்று அதில்தான் தெரியும். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய பழைய பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கி, குறிப்புக் கலத்தைப் படியுங்கள். 'நிபந்தனை ஒப்படை' என்றோ 'டி.சி.' என்றோ ஒரு சின்னக் குறிப்பு அங்கே இருக்கலாம். நிபந்தனைப் பட்டா நிலத்தை நிபந்தனை மீறி வாங்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும், உங்கள் பணத்துக்கு அரசு பொறுப்பில்லை. 'டி.சி.' என்பது பஞ்சமி நிலம். பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய நிலம் அது, மற்றவர் வாங்கவே கூடாது. அந்தக் குறிப்பு புதிய பதிவேட்டில் விடுபட்டுப்போனதால் நிபந்தனை போய்விட்டது என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாய்மொழியாகக் கேட்டால் அலுவலகங்களில் 'பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். அதனால் எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு வெள்ளைத்தாளில் மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவுத் தபால். மூன்று மனு போட வேண்டும்: கொடைக்கானல் வட்டாட்சியர் அலுவலகம், கொடைக்கானல் வனக்கோட்ட அலுவலகம், திண்டுக்கல் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம். (சிறுமலை என்றால் அதற்குரிய வட்டாட்சியரும் வன அலுவலரும்.) ஒவ்வொன்றிலும் பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிடுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். வட்டாட்சியரிடம், 'இன்ன கிராமம், இன்ன புல எண்ணுக்கு நில ஒப்படை ஆணை ஏதும் இருந்தால் அதன் நகல்'. வனத்துறையிடம், 'இந்தப் புல எண் காப்புக்காடு, கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம், தனியார் வனம் ஆகியவற்றுள் எதிலேனும் அடங்குமெனில் அதற்கான அறிவிக்கையின் நகல்'. நகர் ஊரமைப்பிடம், 'இக்கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் உள்ளதெனில் அந்த ஆணையின் நகல், இப்புல எண்ணில் அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் இருப்பின் அதன் நகல்'. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்று விற்பவர் சொன்னால், அந்த நிலத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

தனியார் வனத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பட்டா இருக்கும், தலைமுறை தலைமுறையாக அனுபவமும் இருக்கும். இருந்தும் 1949-ஆம் வருடத்துத் தனியார் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலமென்றால், மாவட்டக் குழுவின் முன் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது. மலையில் உங்கள் இடத்து மரத்தையே வெட்டவும், ஜேசிபி விடவும், ஆழ்துளைக் கிணறு போடவும் தனித்தனியே அனுமதி வேண்டும். 'ராத்திரியோட ராத்திரியா வேலையை முடிச்சிரலாம்' என்று சொல்லும் ஒப்பந்தக்காரர் முடித்துவிட்டுப் போய்விடுவார், அபராத நோட்டீஸ் பட்டாதாரர் பேருக்குத்தான் வரும். பாதையையும் பாருங்கள். இடத்துக்கு எஸ்டேட் வழியாகப் போனீர்களென்றால், அந்த வழிக்கு உங்கள் பத்திரத்தில் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா? கேட் பூட்டப்பட்ட பிறகு நீதிமன்றம் போவது நீண்ட வேலை.

இதெல்லாம் சரியென்று எழுத்தில் வந்த பிறகுதான் மதுரை வீட்டுக்கு விலை பேச வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: மலைக் காகிதம் முதலில், மதுரை விற்பனை பிறகு. விலையில் கொஞ்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் உண்டு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறாரா என்று சரிபாருங்கள்.

இந்த இடத்தில்தான் மலை நிலத்தின் வில்லங்கம் மதுரைப் பணத்தையும் பிடித்துக்கொள்கிறது. வீடு விற்ற லாபத்துக்கு வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடென்றால், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கு கிடைக்கும். வாங்குவதென்றால் இரண்டு வருடத்துக்குள், கட்டுவதென்றால் மூன்று வருடத்துக்குள். வெறும் மனைக்கு விலக்கு கிடையாது, அதில் வீடு எழும்ப வேண்டும். ஹாக்கா அனுமதி வராமல் மூன்று வருடம் ஓடிவிட்டால் வீடும் இல்லை, விலக்கும் இல்லை. செலவழிக்காத லாபத்தை, வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். சாதாரண வைப்புநிதியில் போட்டால் செல்லாது. ஆடிட்டரைப் பத்திரத்துக்குப் பிறகு பார்க்கப் போகாதீர்கள், முன்னால் பாருங்கள்.

முடிந்தால் ஒரு வருடம் மலையில் வாடகைக்கு இருந்து பாருங்கள், மதுரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு. வைகாசியில் பார்த்த ஊரும் கார்த்திகை மழையில் இருக்கும் ஊரும் ஒன்றல்ல. 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் விழுந்து பாதை அடைபட்டு, மலைக் கிராமங்கள் மின்சாரமில்லாமல் கிடந்தன. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாதாமாதம் மதுரைக்கு வர வேண்டியவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: பஞ்சாயத்துப் பேசியே வருடத்தை ஓட்டாதீர்கள். கிரய ஒப்பந்தம் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிய வேண்டிய ஆவணம். பதிந்த ஒப்பந்தத்தை வைத்துக் கிரயம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடக் கெடுதான் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால் அது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விற்றிருந்தாலும், ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கியிருந்தாலும் அங்கே புகார் கொடுக்கலாம். போலிப் பத்திரமோ ஆள்மாறாட்டமோ என்றால், நிலம் இருக்கும் மாவட்டத்தின் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கு எழுத்துப் புகார் கொடுத்து, மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களும் பெண்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். அழைக்க வேண்டிய எண் 15100. போகும்போது ஒப்பந்தம், வங்கிப் பணப் பரிமாற்றப் பட்டியல், வில்லங்கச் சான்று, தரகரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்படி நான்கையும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.