பக்கத்தில் இருந்த பானை நடுவுக்கு வந்த கதை

அரியலூரில் சடகோபையங்காரிடமும், பிறகு குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் தமிழ்ப் பாடம் கேட்ட ஒரு சிறுவன் பின்னாளில் உ.வே.சாமிநாதையர் ஆனது ஊரறிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத பாதி ஒன்று அதில் இருக்கிறது. அவருடைய அப்பா வேங்கடசுப்பையருக்கு மகனைச் சங்கீத வித்துவானாக்கிப் பார்க்கத்தான் ஆசை. அவரே நல்ல பாடகர். உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்துவான் கனம் கிருஷ்ணையருக்கு மாணவர், உறவினரும்கூட. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகன் போய்ச் சேர்ந்தபோதும் அப்பா விடவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக்கும் அனுப்பினார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பாட்டு நின்றுபோனது. அவர் பதிப்பில் நமக்குச் சிலப்பதிகாரமும் புறநானூறும் கிடைத்தன.

விட்டுப்போன சங்கீதம் அந்தக் குடும்பத்துக்குத் திரும்ப வந்தது, ஒரு மண்பானை வழியாக.

உ.வே.சா.வின் கொள்ளுப்பேத்தி சுகன்யா ராம்கோபால், 1957இல் அதே மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில் பிறந்தார். கர்நாடக சங்கீத மேடையில் கடம் வாசித்த முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர்தான். குடும்பம் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்தது. டி.ஆர்.ஹரிஹர சர்மா 1958இல் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவும் அங்கேதான். சிறுமி சுகன்யா அங்கே போனது வயலின் கற்க. ஹரிஹர சர்மாவின் மகன்களில் ஒருவரான குருமூர்த்தி சொல்லிக்கொடுத்தார். ஆனால் காது முழுக்கப் பக்கத்து வகுப்பில் ஒலித்த மிருதங்கத்தின் மேல்தான். சர்மா அதைக் கவனித்துவிட்டு மிருதங்கத்துக்கு மாற்றினார்.

பிறகு கடத்தின் மேல் ஆசை வந்தது. அந்த வீட்டில் கடம் என்றால் சர்மாவின் இன்னொரு மகன் விக்கு விநாயக்ராம். ஜான் மெக்லாஃப்லின், எல்.சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் உலகம் சுற்றியவர். 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் வாசித்தவர். அந்த இசைத்தட்டு 1992இல் கிராமி விருது பெற்றது. அப்பேர்ப்பட்டவரே முதலில் தயங்கினார். கடம் கடினமான வாத்தியம், பெண் பிள்ளைக்கு விரல் தாங்குமா என்பது அவருடைய கவலை. பெரியவர் சர்மா அப்படி நினைக்கவில்லை. மகன் அமெரிக்காவில் பாடம் நடத்தப் போயிருந்த சமயத்தில் தாமே பேத்தி வயதுப் பெண்ணுக்குக் கடம் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து சுகன்யாவின் வாசிப்பைக் கேட்ட விநாயக்ராம் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார்.

விநாயக்ராமின் தயக்கம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மிருதங்கத்தில் விரல் படுவது தோல். தட்டினால் கொஞ்சம் நெகிழும். கடத்தில் படுவது சுட்ட மண். கடத்துக்குப் பெயர் போன மானாமதுரையில் செய்யும் கடம் வீட்டுத் தண்ணீர்ப் பானையைப் போல மெல்லியதல்ல. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனத்துக்கு வரும்வரை ஈரப் பானையை உள்ளே கல்லும் வெளியே பலகையுமாகப் பொறுமையாகத் தட்டித் தட்டி இறுக்குகிறார்கள். (அந்த வேலையில் பெயர் பெற்ற மானாமதுரை மீனாட்சி அம்மாள் சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கியவர். வாசிப்பவருக்கு மட்டுமல்ல, வனைபவருக்கும் விருது உண்டு என்பது நல்ல வழக்கம்.) சூளையிலிருந்து வெளியே வரும்போது என்ன சுருதியோ, ஏறக்குறைய அதுதான் அந்தக் கடத்தின் ஆயுள் சுருதி. மிருதங்கத்தை வாரைத் தட்டி ஏற்றி இறக்குவது போல இதை இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால் பாடகருக்குப் பாடகர் சுருதி மாறும்போது கடக் கலைஞர் வேறு வேறு பானைகளைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

விரல் வலியைவிடப் பெரிய வலி மேடையில் காத்திருந்தது. ஒரு பெண் பக்கத்தில் கடத்தோடு உட்கார்ந்தால் தாங்கள் வாசிக்க மாட்டோம் என்ற மிருதங்க வித்துவான்கள் இருந்தார்கள். இது புதிய வியாதியும் அல்ல. பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களின் பாட்டுக்கே வாசிக்காதவர். டி.கே.பட்டம்மாளின் மகனுக்குத் தம் மகளைக் கொடுத்துச் சம்பந்தியான பிறகுதான் அந்த அம்மாளுக்கு வாசித்தார். இத்தனைக்கும் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் சிஷ்யையான திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் அதற்கு வெகுகாலம் முன்பே மேடையில் மிருதங்கம் வாசித்திருந்தார். வழி இருந்தது. நடக்க விடத்தான் ஆளில்லை.

கச்சேரியில் கடத்தின் இடம் எது என்பதையும் பார்க்க வேண்டும். பாடகர் நடுவில், வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். கடம், கஞ்சிரா, முகர்சிங் எல்லாம் உபபக்கவாத்தியம், அதாவது பக்கவாத்தியத்துக்கும் பக்கம். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முதலில் வாசிக்கும், கடம் பதில் சொல்லும். குறைப்பில் இருவரும் ஆவர்த்தனத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, முடிப்புக் கோவைகளான மோராவிலும் கோர்வையிலும் ஒன்றாக முடிப்பார்கள். பெரிய கச்சேரியில்கூட அது சில நிமிடங்கள்தான். மிருதங்கக்காரர் மனம் வைத்தால் கடத்துக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. உடன் வாசிக்கவே மறுக்கிறார்கள் என்றால் என்ன செய்வது?

சுகன்யா செய்தது, கடத்தையே நடுவில் வைத்ததுதான். வெவ்வேறு சுருதியுள்ள ஆறேழு கடங்களைச் சுற்றி வைத்து, ஜலதரங்கக் கிண்ணங்களில் ராகம் எழுவது போல அவற்றில் ஸ்வரங்களை எழுப்பினார். அதற்குக் 'கட தரங்கம்' என்று பெயர். மற்ற வாத்தியங்கள் கடத்துக்குப் பக்கமாக வந்தன. சூளை கொடுத்த சுருதி மாறாது என்ற குறையே இங்கே பலமானது. ஒவ்வொரு பானையும் ஒரு ஸ்வரம். வேண்டிய ஸ்வரங்களுக்குப் பொருந்தும் பானைகளைத் தேடிச் சேர்ப்பது மட்டுமே பெரிய பாடு. பெண்களை மட்டுமே கொண்டு 'ஸ்திரீ தால் தரங்' என்ற குழுவையும் அமைத்தார். குருவின் வாசிப்பு முறையை 'சுநாதம்' என்ற நூலில் எழுதிவைத்தார். பெங்களூரில் குடியேறி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது.

மேற்கத்திய செவ்விசையிலும் தாளக்காரருக்கு இடம் ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசைதான். ஸ்காட்லாந்துக்காரரான ஈவ்லின் கிளென்னி அங்கிருந்து எழுந்து முன்னால் வந்து, தனி வாசிப்பையே முழுநேரத் தொழிலாக்கினார். சிறுவயதிலேயே பெருமளவு செவித்திறனை இழந்தவர் அவர். ஒலியின் அதிர்வை உடலால் உணர்வதற்காக வெறுங்காலோடு நின்று வாசிப்பார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் டிரம்ஸ் கலைஞர்களை நடத்தியவரும் அவரே. அவருக்காகவே புதிய இசைப் படைப்புகளை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினார். தனி வாத்தியமாக நிற்க நமக்கு உருப்படி இல்லையே என்று அங்கேயும் ஒருவர் தவித்திருக்கிறார், வழியும் கண்டிருக்கிறார்.

இங்கே இன்னும் அந்த அளவு வரவில்லை. சபாக்கள் தாள வாத்தியத்துக்கென்று முழுக் கச்சேரி கொடுப்பது அபூர்வம். கொடுத்தாலும் பெரும்பாலும் கூட்டம் குறைந்த நேரம்தான் கிடைக்கிறது. சபாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் நாம்தான். அடுத்த மார்கழியில் அந்தப் பதினைந்து நிமிடம் நாற்காலியை விட்டு எழாதீர்கள். காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை.