விடை தராத உறுப்பினர்

சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தம் உறுப்பினரின் கருத்தறிய வினாத்தாள் அனுப்புகின்றன. வந்த விடைகளை எண்ணும் நாம், வராதவற்றையும் எண்ணுகிறோமா?

1936-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ், குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னிட்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் கருத்தைக் கேட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். 48 மாநிலங்களுள் 46-இல் வென்றவரோ ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் திரட்டப்பட்டிருந்தன. ஏழையர் பலர் அவற்றில் இல்லை. இருந்தவருள்ளும் பெரும்பாலோர் விடை தரவில்லை.

ஆகவே பட்டியல் முழுமையாக இருத்தல் முதல் தேவை. விடை தராதவரைத் தேடிச் செல்லுதல் அடுத்தது. இதற்குக் கணிப்பொறி மென்பொருள்கள் இன்று துணைபுரிகின்றன. 2005-இல் தொடங்கப்பெற்ற ‘சிவிசிஆர்எம்’ அவற்றுள் ஒன்று, விலையின்றிக் கிடைப்பது. அதில் தொண்டர் ஒவ்வொருவருக்கும் சில உறுப்பினரை ஒதுக்கலாம். கேட்டறிந்த விடை அவரவர் பதிவிலேயே சேரும். சந்திக்க இயலாதவரை வேறொரு தொண்டரிடம் ஒப்படைக்கலாம்.

பெயரோடு பதிவாகும் விடையைப் பிறர் காணாது காப்பதும் நம் கடமையன்றோ? அந்த நம்பிக்கை இருந்தால்தான் உள்ளதை உள்ளபடி சொல்வர். மென்பொருள் பெயரைக் காட்டும். படிவம் நிரப்பத் தெரியாத முதியவரின் கதவைத் தட்ட வேண்டியவர் நாமே.