மீளும் வழி

பசிபிக் பெருங்கடலை இசுபானியர் அறிந்த வரலாற்றிற் போதலினும் மீளுதலே அரிதாயிற்று. வெப்பமண்டலத்திற் கீழ்த்திசையினின்று வீசும் கொண்டல், கலங்களை மேற்கே எளிதிற் செலுத்திற்று. திரும்புவார்க்கு அதுவே தடையாயிற்று. 1522 முதல் 1545 வரை அமெரிக்கக் கரைக்கு மீள முயன்ற ஐந்து பயணங்களும் முறிந்தன.

1565 சூன் 1-ஆம் நாள் செபுத் தீவினின்று ‘சான் பெத்ரோ’ புறப்பட்டது. அதற்கு வழிவகுத்தவர் துறவியாகிய உர்தானெத்தா. அவர் கொண்டலோடு பொருதிலர். வடக்கே ஏறத்தாழ 39 பாகை வரை சென்று, மேற்றிசைக் காற்றாகிய கோடையைத் துணைக்கொண்டார். அக்டோபர் 8-இற் கலம் அக்கபுல்கோவை அடைந்தது.

ஆயின், லோப்பே மார்த்தின் மீகாமனாயிருந்த ‘சான் லூக்காஸ்’ ஆகஸ்டிலேயே மீண்டுவிட்டது. முதன்மை அதற்கே உரியது. எனினும், 1815 வரை மணிலாக் கலங்கள் சென்ற வழிக்கு உர்தானெத்தாவின் பெயரே வழங்கலாயிற்று. புகழும் முதன்மையும் ஒருவர்பாலே அமைதல் ஒருதலையன்று என்பது ஈண்டு உணரற்பாலது.