டி.என்.ஏ.வைக் கட்டிக்கொண்ட தண்ணீர்!

மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு மூட வராமல் அப்பா தோளால் முட்டித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் காலத்தில் லேசாகத் தள்ளினாலே மூடிக்கொண்ட அதே கதவுதான். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து மரம் உப்பிவிடுகிறது. இதேபோல ஈரத்துக்குத் தகுந்தபடி உருவம் மாறும் இன்னொரு பொருள் உண்டு. அது உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ.!

தாத்தாவின் சுருட்டை முடி பேத்திக்கு வருகிறதே, அந்தச் செய்தியை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டு வருவது டி.என்.ஏ.தான். முறுக்கிய நூலேணி போல அது இருக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு 'எழுத்து'கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து அதன் படிகளாகின்றன. ஆனால் பாடப்புத்தகப் படத்தில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஏணியைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்கும் தண்ணீரைத்தான் சொல்கிறேன். நானும் பல வருடங்கள் கரும்பலகையில் தண்ணீர் இல்லாத ஏணியைத்தான் வரைந்திருக்கிறேன்!

இந்தத் தண்ணீரை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் முக்கியமானவர் ரோசலிண்ட் பிராங்க்ளின். 1951ம் ஆண்டு ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 30. கன்றுக்குட்டியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வைத் தலைமுடியை விட மெல்லிய இழையாக இழுத்து, எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிப் படம் எடுப்பது அவருடைய வேலை. ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆராய்ச்சி மாணவர் அவருக்குத் துணை.

இழை காய்ந்துபோகாமல் இருக்க, ஹைட்ரஜன் வாயுவை உப்புக் கரைசலின் வழியே அனுப்பி, ஈரமாக்கிக் கேமராவுக்குள் விட்டார்கள். ஈரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தபோது ஒரு மாதிரிப் படம் வந்தது. 90 சதவீதத்தைத் தாண்டியதும் இழை தானாகவே நீண்டது. படமும் வேறு மாதிரி வந்தது! குட்டையான வடிவத்துக்கு 'ஏ' என்றும், ஈரம் குடித்து நீண்ட வடிவத்துக்கு 'பி' என்றும் பெயர். நம் செல்களில் பெரும்பாலும் இருப்பது 'பி' வடிவம்.

தண்ணீர் இவ்வளவு சுலபமாக உள்ளே போய் வருகிறதென்றால், அதைப் பிடித்துக்கொள்ளும் பகுதி ஏணியின் வெளிப்பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? பிராங்க்ளின் அப்படித்தான் யோசித்தார். அந்தப் பகுதிக்குப் பாஸ்பேட் என்று பெயர். அதில் எதிர் மின்சுமை இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்சுமை கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ளக் கேட்கவா வேண்டும்!

1951 நவம்பரில் இதைப் பற்றி அவர் பேசிய கூட்டத்துக்கு ஜேம்ஸ் வாட்சன் வந்திருந்தார். ஆனால் குறிப்பு எடுக்கவில்லை. (வகுப்பில் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க!) டி.என்.ஏ.வில் எவ்வளவு தண்ணீர் உண்டு என்று பிராங்க்ளின் சொன்ன கணக்கைத் தவறாக நினைவில் வைத்துக்கொண்டு, பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து ஒரு மாதிரியைக் கட்டினார். அதில் மூன்று இழைகள், பாஸ்பேட் உள்ளே, தண்ணீரோ மிகக் குறைவு. கேம்பிரிட்ஜுக்கு வந்து அதைப் பார்த்த பிராங்க்ளின், இது நிற்காது என்று சொல்லிவிட்டார்.

1952 மே மாதம், ஒரே படத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் கதிர் பாய்ச்சிக் கிடைத்ததுதான் 'பி' வடிவத்தின் புகழ்பெற்ற 51ம் எண் படம். 1953 ஜனவரியில் மாரிஸ் வில்கின்ஸ் அதை பிராங்க்ளினிடம் கேட்காமலேயே வாட்சனுக்குக் காட்டினார். அந்த ஏப்ரலில் சரியான ஏணி மாதிரி வெளியானது. இரண்டே இழைகள், பாஸ்பேட் வெளியே! 1962ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிராங்க்ளின் 1958ல், 37 வயதிலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார். அவருக்கு உரிய பெயர் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தண்ணீர் வெளியே மட்டும் ஒட்டவில்லை. ஏணியின் முறுக்கில் ஓர் அகலமான பள்ளமும் ஒரு குறுகலான பள்ளமும் உண்டு. 12 படிகளே உள்ள குட்டி டி.என்.ஏ. ஒன்றைப் படிகமாக்கி ஆராய்ந்த ட்ரூ, டிக்கர்சன் இருவரும், குறுகலான பள்ளத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் கோத்த பூச்சரம் மாதிரி வரிசையாக இருப்பதை 1981ல் கண்டார்கள்.

சரி, டி.என்.ஏ.வில் கொஞ்சம் கை வைத்தால் இந்தத் தண்ணீர் என்ன செய்யும்?

நம் உடம்பே அப்படிக் கை வைக்கிறது. 'சி' எழுத்துகள் சிலவற்றில் மெத்தில் என்ற குட்டித் தொகுதியை ஒட்டிவிடுகிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஆனால் உப்பைக் கரைத்துக்கொள்ளும் தண்ணீர் எண்ணெயிடம் விலகி நிற்குமே, அதேபோல மெத்திலிடமும் விலகி நிற்கும். 'சி'யும் 'ஜி'யும் மாறி மாறி வரும் டி.என்.ஏ.வை நிறைய உப்பு உள்ள நீரில் போட்டால், வலப்பக்கம் முறுக்கிய ஏணி இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். மெத்தில் ஒட்டியிருந்தாலோ, கொஞ்சம் உப்பே போதும்!

வேதியியலாளர்கள் சும்மா இருப்பார்களா? டி.என்.ஏ. போன்ற குட்டி இழைகளை மருந்தாக்கப் பார்த்தார்கள். சாதாரண இழையை உடம்பில் செலுத்தினால் நொதிகள் நறுக்கித் தள்ளிவிடும். அதனால் பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தார்கள். கந்தகம் தண்ணீரை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. இழையின் சர்க்கரைப் பகுதியிலோ மெத்தாக்ஸி எத்தில் என்ற ஒரு வாலை ஒட்டினார்கள். மார்ட்டின் எக்லியின் குழுவினர் 1999ல் படிகத்தில் பார்த்தபோது, அந்த வாலுக்கும் பாஸ்பேட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு சிக்கி உட்கார்ந்திருந்தது. நொதிகளால் இந்த இழையை எளிதில் நறுக்க முடியாததற்கு இந்தத் தண்ணீர்க் காவலும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

இந்த இரண்டு மாற்றங்களும் செய்த, 18 எழுத்து நீளமுள்ள ஓர் இழைதான் நூசினர்சென் என்ற மருந்து. தண்டுவடத் தசைச் சிதைவு என்ற பரம்பரை நோய் உள்ள கைக்குழந்தைகளுக்குத் தசைகள் வலுவிழந்துகொண்டே போகும். கடுமையான வகையில், மருந்து வருவதற்கு முன்பு பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டியதில்லை. நரம்புக்குத் தேவையான ஒரு புரதத்தைச் செய்யும் மரபணு அவர்களிடம் பழுது. அதைப் போலவே இன்னொரு மரபணு இருந்தும், அதன் செய்தியில் ஒரு துண்டு விடுபட்டுப் போகிறது. நூசினர்சென் அந்தச் செய்தியில் போய் ஒட்டி, துண்டு விடுபடாமல் பார்த்துக்கொள்கிறது.

அமெரிக்கா 2016 டிசம்பரில் இதை அனுமதித்தது. ஒரு தடவைக்கு 5 மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி. முதுகுத்தண்டு நீரில் ஊசியால் செலுத்த வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். மருந்து வந்த புதிதில் அங்கே முதல் வருடத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் டாலர் விலை வைத்தார்கள்! ஏழை வீட்டுக் குழந்தைக்கு எட்டும் விலையா இது?

2017ல் வெளியான சோதனை முடிவு இது: மருந்து பெற்ற கைக்குழந்தைகளில் பாதிப் பேர் தலை நிற்பது, குப்புறக் கவிழ்வது, உட்காருவது போன்றவற்றில் முன்னேறினார்கள். மருந்து பெறாத குழந்தைகளில் ஒருவர்கூட அப்படி முன்னேறவில்லை.