சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இன்சுலின் போடுகிற வீட்டுக்குப் போனால், ஊசியின் மூடி என்ன நிறம் என்று பார்த்துவிடுவது என் வழக்கம். காளையார்கோவிலில் சித்தப்பா வீட்டிலும் பார்த்தேன். சித்திக்குக் காலையில் 20 யூனிட், இரவில் 10. போட்டுவிடுவது சித்தப்பா. மருந்துக் குப்பி அரசு மருத்துவமனையில் கொடுத்தது. ஊசி தீர்ந்துவிட்டதால் மெடிக்கலில் புதிதாக வாங்கியிருந்தார். அதன் மூடி ஆரஞ்சு நிறம்.

"ரெண்டும் இன்சுலின் ஊசிதானேப்பா? கோடு இருக்கு, நம்பர் இருக்கு. இதுல என்ன?" என்றார்.

"டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க சித்தப்பா, பிரிக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே நல்லது" என்று குப்பியைக் கையில் எடுத்தேன்.

குப்பியின் லேபிளில் சின்ன எழுத்தில் '40 ஐயூ/மிலி' என்று இருக்கும். ஒரு மில்லி மருந்தில் 40 யூனிட் இன்சுலின் கரைந்திருக்கிறது என்று பொருள். நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் குப்பிகள் பெரும்பாலும் இந்த வீரியம்தான். இதற்கென்றே கோடு போட்ட ஊசிக்குச் சிவப்பு மூடி. அதன் 40ஆம் கோடுவரை இழுத்தால் ஒரு மில்லி. ஆரஞ்சு மூடி ஊசி வேறு மருந்துக்கானது. ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினை அளக்க அதில் கோடு போட்டிருக்கிறார்கள். அதன் 100ஆம் கோடுதான் ஒரு மில்லி. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு படி இருந்ததே, நாலு படி நெல் என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொண்டுதானே அளந்தார்கள்? ஊசியில் இருக்கும் கோடும் அப்படித்தான். எந்த வீரியத்துக்குப் போட்ட கோடு என்று தெரியாமல் '20' என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கணக்குப் போட்டே காட்டினேன். சித்திக்கு வேண்டிய 20 யூனிட், சிவப்பு மூடி ஊசியில் அரை மில்லி. அதே குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20ஆம் கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். பாதிகூட இல்லை. நாலைந்து நாளில் சர்க்கரை ஏறும். 'மருந்து கேட்கவில்லை' என்று டாக்டரிடம் சொல்வோம், அவரும் அளவைக் கூட்டி எழுதுவார். பிறகு ஒருநாள் சரியான ஊசி கைக்கு வந்ததும், கூட்டி எழுதிய அளவு முழுதாக உடம்பில் இறங்கிவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இன்சுலின் பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் இருப்பது 100 யூனிட் வீரியம். பேனா உடைந்துபோனது, ஊசி தீர்ந்துபோனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்தே சிவப்பு மூடி ஊசியால் 20 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தாங்க முடியாத பசி வரும், பேச்சு குழறும். நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108.

"அப்ப குப்பின்னா சிவப்பு, பேனான்னா நூறுன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டார் சித்தப்பா. அப்படியும் வைத்துக்கொள்ள முடியாது. கிளார்ஜின் போன்ற சில இன்சுலின்கள் குப்பியிலேயே 100 யூனிட் வீரியத்தில் விற்கின்றன. குப்பியின் உருவத்தை நம்பக் கூடாது. லேபிளில் இருக்கும் எண்ணும் ஊசியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாக வேண்டும்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதன் பிறகு பல வீரியங்கள் புழங்கி, அவற்றால் குழப்பம் வந்து, அமெரிக்கா 1970களில் 100 யூனிட்டுக்கு மாறத் தொடங்கியது. 1983இல் பிரிட்டனும் மாறியது. நாமோ இன்னும் இரண்டையும் ஒரே கடையில், ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம். சீட்டில் டாக்டர் எழுதுவது '20 யூனிட்' மட்டும்தான். அரசு மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995இலிருந்து மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு, பல மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் குப்பி ஓரிடத்திலும் ஊசி வேறிடத்திலும் வாங்க நேர்கிற அந்த ஒரு நாளில், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. வார்டில் இன்சுலின் போடுவதற்கு முன் இன்னொரு நர்ஸ் அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது நல்ல நடைமுறை. வீட்டில் அந்த இரண்டாவது கண் யார்? சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தானே இழுத்து, தானே போட்டுவிடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க வீடு தேடிப் பெண்கள் வருகிறார்கள். இன்சுலின் போடும் வீட்டில் அவர்கள் குப்பியையும் ஊசியையும் ஒருசேர எடுத்துப் பார்த்துவிட்டுப் போனால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். இதை அவர்களுக்கு அரசே வேலையாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மருந்தை எங்கே வைப்பது என்று சித்தி கேட்டார். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃபிரீசரில் வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீரில் நனையாமல் டப்பாவில் மூடி, ஈர மண்பானைக்குள் வைப்பது காளையார்கோவில் வெயிலுக்கும் கைகொடுக்கும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாமில் நிலவும் வெப்பத்தை வைத்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்: 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் இருந்தும் இன்சுலின் வீரியம் குறையவில்லை. ஆகவே கரண்ட் போனதற்குப் பதற வேண்டாம். வெயில் படும் ஜன்னலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்காமல் இருந்தால் போதும். சித்திக்குக் கொடுத்திருப்பது கலப்பு இன்சுலின், பால் போலக் கலங்கலாக இருக்கும். இழுக்கும் முன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது.

சித்தியைச் சிவகங்கை மெடிக்கல் காலேஜில் சேர்க்க வேண்டி வந்தால், குப்பி, ஊசி, மாத்திரை அத்தனையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் வார்டில் காட்டச் சொன்னேன். சீட்டில் இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் 'யூ' என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் அதையும் கேட்க வேண்டும். அவசரத்தில் எழுதிய அந்த எழுத்து சுழியமாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகப் படிக்கப்பட்ட தவறுகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2004இலேயே அந்தச் சுருக்கத்தைத் தடை செய்தது. 'யூனிட்' என்று முழுதாக எழுதித் தாருங்கள் என்று நோயாளியின் வீட்டுக்காரர் கேட்பதில் தவறே இல்லை.

சித்தப்பா டம்ளரை வைத்துவிட்டு, பிரிக்காத ஆரஞ்சு மூடி ஊசிகளையும் அரசு குப்பியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குக் கிளம்பினார். "குப்பியைக் காட்டி, இதுக்கு நாப்பது யூனிட் ஊசி குடுங்கன்னு கேளுங்க. வாங்கினதும் அங்கேயே நம்பரைப் பார்த்துருங்க" என்றேன்.